ஏழு மணிக்கு நீண்ட கை

சுண்டாங்குளத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு நான்கு வழிச்சாலை வந்து ஐந்து வருடம் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், ஏழு மணிச் செய்தி வாசிக்கிற பெண் டிவிக்குள்ளிருந்து கையை நீட்டி முத்துராக்குவின் மனுவை வாங்கிக்கொண்டாள். கண்ணாடி உடையவில்லை, புகை கிளம்பவில்லை, தெருநாய்கூடக் குரைக்கவில்லை. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை முழங்கை வரைக்கும் வெளியே வந்து, டிவியின் தலைமேல் கிடந்த, நாலாக மடித்துக் குண்டூசி குத்திய தாளைத் தடவி எடுத்து, உள்ளே கொண்டுபோய், மேசைமேல் இருந்த தாள்கட்டின் அடியில் செருகியது. செருகி முடிக்கும்போதே அந்தப் பெண் நீலகிரியில் பெய்த மழையின் அளவை வாசிக்கத் தொடங்கியிருந்தாள். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த முத்துராக்கு தலையை நிமிர்த்தி, "பாத்து தாயி, ஓரத்துல தடவுன மஞ்ச இன்னும் காயல" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கல்லைப் பொறுக்கி வாசல் பக்கம் எறிந்தாள்.

அந்த மனு அங்கே எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சாலைக்கு மேற்கே பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிற்கிற இடம், அரிசி ஆலை; கிழக்கே நாங்கள். குறுக்கே போக ஒரு வழி கிடையாது. ஐந்து வருடத்தில் ஒன்பது பேரைச் சாலை தின்றுவிட்டது. ஆறு தடவை காலிக் குடத்தோடு நடுரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தோம். ஆறு தடவையும் தாசில்தார் ஜீப்பில் வந்து, சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வரும் என்று சொல்லி எழுப்பிவிட்டார். அப்புறம் முத்துராக்கு கலெக்டர் ஆபீசின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். வாரம் ஒரு மனு, மனுவுக்கு ஒரு சீல், சீலுக்கு ஒரு நம்பர். நாற்பது வாரம் போனாள். நாற்பத்தொன்றாவது வாரம் மந்திரி வருகையால் கூட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வந்த அலுப்பில் மனுவை டிவிமேல் வைத்தாள். அரசாங்கம் சும்மா கொடுத்த, முதுகு புடைத்த பழைய டிவி அது.

அவள் புருஷன் சோணைமுத்து மனு எழுதுகிற ஆள் இல்லை. அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். ஆனால் எல்லா மனுவிலும் முதல் கையெழுத்து அவனுடையது. தினமும் காலை எட்டே முக்காலுக்கும் சாயங்காலம் நாலரைக்கும் சிவப்புத் துண்டை உயரப் பிடித்தபடி சாலையில் இறங்கி நிற்பான். லாரிகள் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குள் முப்பது பிள்ளைகளும் ஓடிக் கடக்க வேண்டும். கடைசியாக ஓடுவது அவன் மகள் கவிநிலா. ஆறாம் வகுப்பு. "அப்பா முதுகப் பாத்துக்கிட்டே வரணும்னா நான் கடைசியிலதான் வரணும்" என்பாள்.

செய்தி வாசிக்கிற பெண்ணின் பெயர் சாருலதா. கை நீண்ட மறுநாளே எங்கள் தெருவில் அவள் சாரு ஆகிவிட்டாள். சுவரில் மாட்டுகிற பெரிய டிவி வைத்திருந்த வீடுகளில் கை வரவில்லை. எத்தனை பேர் எத்தனை பேப்பரைக் காட்டியும் வரவில்லை. முத்துராக்கு வீட்டில் மட்டும் தினமும் ஏழு மணிக்கு வந்தது. ஆகவே ஆறே முக்காலுக்கே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்தோம். வேலைக்குப் போய்வந்த அழுக்கோடு அந்தப் பிள்ளை முன்னால் உட்காரக் கூடாது என்று யாரோ சொல்ல, ஊரே சாயங்காலக் குளியலுக்குப் பழகியது. மனுவின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினோம். அடுத்தவர் படித்துவிடக் கூடாது என்று சோற்றுப் பசை வைத்து ஒட்டினோம். விளம்பரம் வரும்போது கை வராது என்பதும், விளையாட்டுச் செய்திக்கு முன்னால் கொடுத்தால் சிரித்த முகத்தோடு வாங்குவாள் என்பதும் ஒரு வாரத்தில் எங்களுக்குப் பாடமாகிவிட்டது.

என்னென்ன எழுதினோம் என்று கேட்கிறீர்களா? பட்டா கேட்டோம், முதியோர் உதவித்தொகை கேட்டோம், தெருவிளக்கு கேட்டோம். ஒருத்தி துபாயில் இருக்கிற மகன் போன் பேச வேண்டும் என்று எழுதினாள். இன்னொருவர் எதுவுமே கேட்கவில்லை. பெண்டாட்டி செத்த அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு வைத்திருந்தது என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். சாரு எல்லாவற்றையும் வாங்கினாள். செய்தி முடிந்ததும் தாள்கட்டை இரண்டு கையாலும் தூக்கி, மேசையில் டக் டக் என்று தட்டி நேராக்கிவிட்டு வணக்கம் சொல்வாள். அந்த டக் டக் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

கலெக்டர் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கும் ஞானப்பிரகாசம், நாலு திங்கட்கிழமை எங்களில் ஒருவரையும் காணாமல் பஸ் ஏறித் தேடிக்கொண்டு வந்தார். முத்துராக்கு வீட்டில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தார். கை வந்தது, வாங்கியது, போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"சீல் வெப்பாங்களா?"

"அதெல்லாம் எதுக்குண்ணே, நம்ம புள்ளதானே" என்றாள் முத்துராக்கு.

"அப்ப நம்பர்?"

நாங்கள் சிரித்துவிட்டோம். அவரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மறுநாள் தன் மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் தெருமுனையில் போட்டுவிட்டார்.

அந்த ஆறு மாதம் மாதிரி ஒரு காலம் எங்களுக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நெஞ்சை நிமிர்த்தி நடந்தோம். நாட்டில் எது நடந்தாலும் அதில் எங்கள் கை இருக்கிறது என்று மனசாரத் தோன்றியது. எங்கோ ஒரு ஊரில் பாலம் திறந்தார்கள் என்று சாரு வாசித்தால், பாலம் கேட்டு எழுதியவனைத் தோளில் தட்டினோம். இடம் மாறிப் போயிருக்கும், அடுத்தது நமக்குத்தான் என்றோம். மழை பெய்தால்கூட, அது போன புதன்கிழமை கொடுத்த மனு என்று சொல்ல ஆள் இருந்தது. கிராமசபைக் கூட்டத்துக்கு ஒருவரும் போகவில்லை. ஊராட்சிக் கிளார்க் நோட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னாலேயே வந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம். என்ன தீர்மானம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் ஒன்றுமே கேட்காமல் அனுப்பினோம். "சொல்ல வேண்டிய எடத்துல சொல்லியாச்சு" என்றோம். அவர்களும் சந்தோஷமாகத்தான் போனார்கள். மறியலுக்குத் தூக்கிய குடங்கள் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டன.

சாருவின் மேசையில் தாள்கட்டு உயர்ந்துகொண்டே போனது. முதலில் கழுத்துச் சங்கிலி மறைந்தது, அப்புறம் கழுத்து, அப்புறம் முகவாய். ஆடி மாதத்தில் கண்ணும் பொட்டும் மட்டும்தான் தெரிந்தன. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

சோணைமுத்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "வாங்கிக்கிருது, சரி. ஒண்ணைக்கூட வாசிக்கலையே?"

"அதுக்குன்னு நேரம் வரணும்ல" என்றாள் முத்துராக்கு. "நாப்பது வாரம் போனேன். ஒருத்தராவது என் மூஞ்சியப் பாத்தாங்களா? குனிஞ்ச தலை நிமிராம சீலைக் குத்துனாங்க. இந்தப் புள்ள என் கண்ணைப் பாத்து வாங்குது."

சோணைமுத்து எழுந்து கையைக் கழுவினான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

ஆவணி பிறந்ததும் கலெக்டர் ஆபீசிலிருந்து முத்துராக்கு பெயருக்கு ஒரு தபால் வந்தது. நாற்பதாவது மனு எப்படியோ மேலே போயிருக்கிறது. சுரங்கப்பாதைக்கு மதிப்பீடு தயாராகிவிட்டது, மனுதாரர்கள் வரும் பதினான்காம் தேதி காலை பதினோரு மணிக்கு நேரில் ஆஜராகித் தங்கள் தரப்பைச் சொல்ல வேண்டும், தவறினால் மனு முடித்துவைக்கப்படும். ஞானப்பிரகாசம் தெருவில் நின்று இரண்டு தடவை உரக்கப் படித்தார். எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் போவதா வேண்டாமா என்று ஒரு பேச்சு எழுந்தது, எழுப்பியவர்கள் நாங்கள்தான்.

"நீ இப்ப அங்க போயி நின்னா, சாரு மனசு என்ன பாடுபடும்? அவளை நம்பலைன்னுதானே ஆகும்?"

"இந்தத் தபாலே அவ சொல்லித்தான் வந்திருக்கு. பெறகு என்னத்துக்கு ஓடுற?"

"போயிட்டு வந்துரு புள்ள" என்றான் சோணைமுத்து. "ஒரு நாள்தானே. நானும் லீவு போட்டுட்டு வாரேன்."

முத்துராக்கு இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தபாலின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஏழு மணிக்குத் திரை முன்னால் நீட்டினாள். "கலெக்டரே எழுதியிருக்காரு தாயி. இதையும் சேத்து வெச்சுக்க, உனக்குப் பலமா இருக்கும்" என்றாள். பச்சை வளையல் கை வந்து வாங்கிக்கொண்டது. பதினான்காம் தேதி வந்தது, போனது. அன்றைக்கு எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் பஸ் ஏறவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், செய்தி முடிகிற நேரத்தில், சாரு தாள்கட்டின் நடுவிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தாள். மூலையில் மஞ்சள், நடுவில் குண்டூசி. அது முத்துராக்குவிடமிருந்து சாரு வாங்கிய முதல் மனு. பசை வைக்கிற வழக்கம் வருவதற்கு முன்னால் கொடுத்தது என்பதால் அதில் மட்டும்தான் குண்டூசி. சாரு அதைக் கட்டின் உச்சியில் வைத்தாள். டக் டக் என்று தட்டினாள். வணக்கம் சொன்னாள்.  நாளைக்கு வாசிக்கப் போகிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அன்றைக்கு இராத்திரியே பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டோம்.

மறுநாள் ஆறு மணிக்கே வீடு நிறைந்து, வாசல் நிறைந்து, ஜன்னல் கம்பியிலும் ஆட்கள் தொங்கினார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் சாலையோரம் நாலைந்து ஆண்கள் நிற்பார்கள், ஆலையிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இந்தப் பக்கத்திலிருந்து டார்ச் காட்ட. அன்று ஒருவரும் போகவில்லை. லாரிச் சத்தம் காதில் விழாதிருக்கக் கதவைச் சாத்திவிட்டு, டிவியின் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தோம். சோணைமுத்துவுக்குத் திரைக்கு நேர் எதிரே ஓர் இடம் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்தோம். காலையில் பிள்ளைகளைக் கடத்திவிட்டுப் போகும்போது, "ஏழு மணிக்குள்ள ஓடி வந்துருவேன், என் பேரைத்தானே மொதல்ல வாசிக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் போயிருந்தான்.

ஏழு மணி ஆனது. டெல்லிச் செய்தி, சென்னைச் செய்தி, வெங்காய விலை. ஏழேகால் தாண்டியது. சாரு ஒரு வினாடி நிறுத்தினாள். தாள்கட்டுக்கு மேலே தெரிந்த கண்கள் எங்களைப் பார்த்தன. பிறகு அவள் சொன்னாள்: "சுண்டாங்குளம் விலக்கு அருகே..."

ஐயோ, அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! எங்கள் ஊர்ப் பெயர் செய்தியில் வந்தது அதுதான் முதல் தடவை. வீடே எழுந்து கைதட்டியது. விசில் பறந்தது. ஜன்னலில் தொங்கியவர்கள் கம்பியை ஆட்டினார்கள். ஞானப்பிரகாசம் தெருமுனையிலிருந்து தூக்கி வந்திருந்த தன் மேசையைத் தட்டினார். ஒருத்தி முத்துராக்குவைக் கட்டிக்கொண்டு குலவை போட்டாள். முத்துராக்கு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினாள், கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தட்டினாள். திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த கவிநிலா மட்டும்தான் மீதியைக் கேட்டாள். சாலையைக் கடக்க முயன்ற ஆண் ஒருவர் அடையாளம் தெரியாத வாகனம் மோதி அந்த இடத்திலேயே உயிரிழந்தார். அவர் கையில் சிவப்புத் துண்டு இருந்தது. இதனால் அரை மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது.

பிள்ளை எழுந்துவந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, கை தட்டாத. அம்மா, கை தட்டாதம்மா."

முத்துராக்குவுக்குக் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நாங்கள் தட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் டிவி போடவில்லை. பதினேழாம் நாள் ஏழு மணிக்கு முத்துராக்கு தானே போட்டாள். நாங்கள் வாசலோடு நின்றுகொண்டோம், உள்ளே போக முகம் இல்லை. கை வழக்கம்போல நீண்டது. முத்துராக்கு அதில் எதையும் வைக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாசிக்கப் போறேன்னுதானே மேல எடுத்து வெச்ச?"

வெளியூர்ச் செய்தியின் நடுவில் சாரு நிறுத்தினாள். இத்தனை மாதத்தில் அவள் எங்களோடு பேசியது அன்றைக்குத்தான்.

"கட்டு சரிஞ்சதுக்கா. அது கீழ விழப் பார்த்தது. எடுத்து மேல வச்சேன்."

"ஒண்ணைக்கூடப் படிக்கலையா?"

"எனக்கு எதிர்ல எழுத்து ஓடும்க்கா. அதைத்தான் வாசிப்பேன். கையில இருக்கிற தாள் சும்மா பார்வைக்கு. எல்லாரும் வச்சிருப்பாங்க."

"அப்ப ஏன்டி வாங்குன?"

"நீங்க குடுத்தீங்க. அவ்வளவு ஆசையா நீட்டுறப்ப எப்படிக்கா வேண்டாம்னு சொல்றது?" என்றாள் சாரு. அவள் கண்மை கரைந்து தாள்கட்டின்மேல் சொட்டியது. "அவங்க பேரு என்னன்னுகூட எனக்கு எழுதிக் குடுக்கலைக்கா. ஆண் ஒருவர்னுதான் ஓடுச்சு."

பிறகு இரண்டு கைகளும் கட்டுக்கட்டாக எடுத்து வெளியே நீட்டின. முத்துராக்கு வாங்கி வாங்கித் தரையில் அடுக்கினாள். ஆயிரத்துச் சொச்சம் மனு. சோற்றுப் பசை ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. குண்டூசி, குத்தின இடத்திலேயே துருப்பிடித்திருந்தது. எல்லாம் வந்த பிறகுதான் சாருவின் முகம் முழுசாகத் தெரிந்தது. நாங்கள் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். காலி மேசையில் வெறுங்கையை ஊன்றி வணக்கம் சொன்னாள். அதற்குப் பின் கை வெளியே வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை முத்துராக்கு குண்டூசி குத்திய அந்த ஒரு மனுவை மட்டும் எடுத்துக்கொண்டு, தோளில் சிவப்புத் துண்டோடு கிளம்பினாள். கவிநிலாவும் ஞானப்பிரகாசமும் கூடப் போனார்கள். அவள் எங்களைக் கூப்பிடவில்லை. ஆனாலும் பின்னாலேயே பதினேழு பேர் பஸ் ஏறினோம். ஊரில் அதைவிட நிறையப் பேர் இருக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞானப்பிரகாசம் குறித்து வைத்திருந்த நாற்பதாவது மனுவின் நம்பரை அதிகாரி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். மனுதாரர் வரவில்லை, மனு முடித்துவைக்கப்பட்டது என்று இருந்தது. புதிதாகக் கொடுத்தால் முதலிலிருந்து வரும் என்றார். குனிந்தபடியே சீலுக்குக் கையை நீட்டினார்.

முத்துராக்கு மனுவை அவர் கையில் கொடுக்கவில்லை. குண்டூசியைப் பிடுங்கினாள், வரவில்லை, பல்லால் கடித்துப் பிடுங்கினாள். நாலு மடிப்பையும் பிரித்தாள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த கூடத்தின் நடுவில் நின்று வாசிக்க ஆரம்பித்தாள். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். ஐயா, சுண்டாங்குளம் கிழக்குத் தெருப் பொதுமக்கள் எழுதிக்கொள்வது, எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வரச் சாலைக்கு அடியில் ஒரு வழி வேண்டும், அதுவரைக்கும் எங்களில் ஒருவர் துண்டு பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறார், அவரை நம்பித்தான் பிள்ளைகளை அனுப்புகிறோம், அவருக்கும் ஆபத்து. வாசித்து முடித்துவிட்டு, கீழே இருந்த கையெழுத்துக்காரர்களின் பெயரையும் வாசித்தாள். முதல் பெயர் சோணைமுத்து. 

அதிகாரி இப்போது நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். பழைய மனுவையே மறுபடி திறக்க முடியுமா பார்க்கிறேன் என்று ஒரு படிவத்தை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

"முதல் கையெழுத்துப் போட்டவர் நேர்ல வந்திருக்காரா?"

முத்துராக்கு துண்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பின்னால் நின்ற எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வரலைன்னே எழுதிக்கங்கய்யா" என்றாள். "அன்னைக்கு நான் வராதது என் தப்பு. இன்னைக்கு அவரால வர முடியலை."